திறக்க மறுத்த ஒயில் மூடி

மோட்டார் சைக்கிளின் எஞ்சின் ஒயில் மூடிக்கு ஒரு கட்டுரையா என்று நண்பர்கள் சிரிக்கக்கூடும். 1990இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் வண்டி ஓட்டியவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

அன்று பெற்றோலுக்குத் தடை. ஜப்பானியத் தபாற்காரர்களுக்கெனத் தயாரிக்கப்பட்டு, பாவித்த வண்டியாக நம்மூருக்கு வந்து சேர்ந்த ஹொண்டா எம்.டி. 90 மண்ணெண்ணெயில்தான் ஓடியது. சில துளி பெற்றோலைக் காபரேட்டருக்குள் விட்டு, உதைத்து எழுப்பி, எஞ்சின் சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவோம். முழுதாக எரியாத மண்ணெண்ணெய் பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழிறங்கி ஒயிலோடு கலந்துவிடும். ஆகவே மூடியோடு ஒட்டியிருக்கும் அளவுக்கோலை அடிக்கடி எடுத்துப் பார்ப்போம். மட்டம் குறைந்திருந்தால் கவலை; கூடியிருந்தால் அதைவிடப் பெருங்கவலை. கூடியது ஒயில் அல்ல, மண்ணெண்ணெய். நீர்த்துப்போன ஒயில் எஞ்சினைக் காப்பாற்றாது.

பத்திரிகை அலுவலகத்திலிருந்து நள்ளிரவில் என்னை வீடு சேர்த்ததும், 1995 இடப்பெயர்வில் எங்கள் மூட்டைகளைச் சுமந்ததும் அப்படியொரு வண்டிதான். இன்றும் அது என்னிடமே இருக்கிறது.

சென்ற மாதம் அதன் கீழே நிலத்தில் ஒயில் சொட்டியிருந்தது. எவ்வளவு எஞ்சியிருக்கிறது என்று பார்க்க மூடியைத் திருகினேன். அசையவில்லை. இறுதியாகத் திருத்தக் கொடுத்த இடத்தில் யாரோ குறடு போட்டு இறுக்கியிருந்தார்கள். மூடியின் விளிம்பில் பற்தடங்கள் தெரிந்தன. அந்த எஞ்சின் கொள்வதே ஒரு லீற்றருக்கும் குறைவான ஒயில். அளவு தெரியாமல் ஓட்டினால் முப்பது வருடத் துணையை ஒரு பயணத்திலேயே இழக்க நேரும்.

அயல்வீட்டு இளைஞர் உதவிக்கு வந்தார்.

“ஐயா, உளி வைச்சு ஒரு தட்டுத் தட்டினால் கழண்டிடும்.”

“பொறும் தம்பி. உடைஞ்சு துண்டு உள்ளே விழுந்தால் எஞ்சினைப் பிரிக்கவேண்டி வரும்.”

அந்த மூடி பிளாஸ்ரிக்கினால் ஆனது. அதன் அடியிலுள்ள இறப்பர் வளையம் வருடக்கணக்கான சூட்டில் கடினமாகி உலோகத்தோடு ஒட்டிக்கொள்ளும். ஆகவே முதலில் மூடியைச் சுற்றியிருந்த மண்ணையும் அழுக்கையும் தூரிகையால் துடைத்தோம். திறக்கும்போது அவை உள்ளே விழக்கூடாது. துருவிளக்கும் எண்ணெய் சில துளிகளை விளிம்பில் விட்டு அரைமணி நேரம் காத்திருந்தோம். பின்னர் பழைய சைக்கிள் ரியூப்பை வெட்டி மூடியைச் சுற்றி இறுகச் சுற்றினோம். கைக்குப் பிடி கிடைத்தது. முதலில் இறுக்கும் பக்கமாக மயிரிழையளவு அசைத்து, பிறகு எதிர்ப்பக்கம் திருப்பினோம். இரண்டு மூன்று முறை இவ்வாறு முன்னும் பின்னுமாக அசைத்ததில் ஒட்டியிருந்த வளையம் ‘டக்’ என்று விட்டுக்கொடுத்தது.

வண்டியைச் சமதரையில் நேராக நிறுத்தி, அளவுக்கோலைத் துடைத்து, திருகாமல் துளையில் வைத்து எடுத்துப் பார்த்தோம். ஒயில் கீழ்க்கோட்டைத் தொடவில்லை. அன்று உதைத்து ஓட்டியிருந்தால் கதை முடிந்திருக்கும். கசிந்தது அடியிலுள்ள வடிகாற் பூட்டு. அதன் வளையத்தையும் மூடியின் வளையத்தையும் புதிதாக மாற்றி, ஒயிலையும் மாற்றினோம்.

மூடியின் புதிய வளையத்தில் சிறிது ஒயில் தடவினேன். “கையால் மட்டும் பூட்டும் தம்பி, குறடு வேண்டாம்” என்றேன். அவர் அவ்வாறே செய்தார். மூடி கசியாமலிருக்கக் கையின் இறுக்கமே போதும். குறடு தருகிற மேலதிக இறுக்கம் ஒயிலைக் காப்பதில்லை. அடுத்து வருபவர் உள்ளே பார்ப்பதைத்தான் தடுக்கிறது. எதை மூடுபவரும், அதை நாளை திறக்கப்போகிறவரின் கையை ஒருகணம் நினைத்துக்கொள்வது நல்லது.