பெரிய குண்டா, சின்னக் குண்டா?



இந்த மாதம் இரண்டு பேர் என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்டார்கள். "சார், ஏர் ரைபிள் வாங்கணும். 177 வாங்கறதா, 22 வாங்கறதா?" என்றார் வளத்திப் பக்கம் மல்லாட்டை போட்டிருக்கும் பழைய மாணவர் ஒருவர். விதைத்த பத்து நாளில் மயில் வந்து கொட்டையைக் கிளறித் தின்றுவிடுகிறதாம், காய் பிடித்த பிறகு பன்றி வருகிறதாம். அடுத்துக் கேட்டது என் தம்பி மகன். அவனுடைய மகள் ஒன்பதாம் வகுப்பு படிக்கிறாள். அவளுக்குத் துப்பாக்கி சுடும் போட்டியில் ஆசை வந்திருக்கிறது. இருவருக்கும் போனில் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நாற்பத்தைந்து நிமிட பீரியட் என்று நினைத்துக்கொண்டு படியுங்கள்.

முதலில் எண்களைத் தெரிந்துகொள்வோம். இரண்டும் குழாயின் உள்விட்டம், அங்குலக் கணக்கில். 0.177 அங்குலம் என்பது 4.5 மி.மீ., 0.22 என்பது ஏறத்தாழ 5.5 மி.மீ. நம் மயானக் கொள்ளைத் திருவிழாவில் பலூன் சுடும் கடைகளில் பார்க்கிறோமே, அவை பெரும்பாலும் 177தான். என்.சி.சி.யில் இருந்தவர்கள் "நாங்க அப்பவே 22ல சுட்டிருக்கோமே" என்பார்கள். அது வேறு. அதில் தோட்டாவுக்குள் வெடிமருந்து இருக்கிறது. ஏர் ரைபிளில் வெறும் ஈய ரவையும் காற்றும்தான். எண் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒன்றாக நினைத்துவிடக் கூடாது.

ஸ்பிரிங் துப்பாக்கி வேலை செய்யும் விதம் எளிது. குழாயை மடக்கும்போது உள்ளே ஒரு கனமான ஸ்பிரிங் சுருங்கிப் பூட்டிக்கொள்கிறது. விசையை இழுத்ததும் அது விரிந்து பிஸ்டனை முன்னே தள்ளும். பிஸ்டன் காற்றை நசுக்கும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கம் சுடும் இல்லையா, அதே வேலைதான். அந்த அழுத்தக் காற்று ரவையை வெளியே தள்ளுகிறது.

இப்போது கணக்குக்கு வருவோம். ஸ்பிரிங் கொடுக்கும் ஆற்றல் ஏறத்தாழ ஒரே அளவுதான். ரவை பெரிதானால் ஆற்றல் அதிகமாகிவிடாது. பதினொன்றாம் வகுப்பில் போட்டோமே, அரை எம் வி ஸ்கொயர். ஒரு துப்பாக்கி 12 ஜூல் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 0.53 கிராம் எடையுள்ள 177 ரவை நொடிக்கு சுமார் 213 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 0.93 கிராம் எடையுள்ள 22 ரவை சுமார் 161 மீட்டரில் கிளம்பும். காற்றுத் தடையை விட்டுவிட்டுப் பார்த்தால், 30 மீட்டர் போவதற்குள் சின்ன ரவை 10 செ.மீ. கீழே இறங்கியிருக்கும், பெரிய ரவை 17 செ.மீ.

இதனால் என்ன என்று கேட்பீர்கள். கண்ணால் தூரத்தை அளப்பது லேசான காரியமில்லை. 30 மீட்டர் என்று நினைத்தது உண்மையில் 35 மீட்டராக இருந்தால், 177ல் குறி மூன்றரை செ.மீ. தப்பும், 22ல் ஆறு செ.மீ. தப்பும். அதனால் குறிபார்க்கப் பழகுபவருக்குச் சின்னதே நல்லது. பெரியதற்கும் ஒரு குணம் உண்டு. அதன் முகப்பின் பரப்பு ஒன்றரை மடங்கு. பட்ட இடத்தில் பெரிய காயத்தை உண்டாக்கும். வெளிநாடுகளில் சிறு வேட்டைக்குப் பலர் அதை எடுப்பதற்கு இதுதான் காரணம்.

ஆனால் நம் நாட்டில் இந்தக் கேள்விக்குப் பாதி விடையைச் சட்டமே சொல்லிவிடுகிறது. ஆயுத விதிகள் 2016-இன்படி, உள்விட்டம் 4.5 மி.மீ.யைத் தாண்டினாலோ, ரவை கிளம்பும்போது அதன் ஆற்றல் 20 ஜூலைத் தாண்டினாலோ உரிமம் வாங்க வேண்டும். 22 வாங்க ஆசைப்படுபவர் முதலில் உரிமத்துக்கு மனுப்போட வேண்டும். "ஆன்லைன்ல கிடைக்குது சார்" என்பது பதிலாகாது.

மல்லாட்டைக்காரருக்கு நான் சொன்னது இதுதான்: "தம்பி, உனக்கு ரெண்டுமே வேண்டாம்பா." மயில் தேசியப் பறவை. 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கிறது. எந்த ரவையால் அடித்தாலும் ஜெயில்தான். பன்றி விஷயம் இன்னும் மோசம். ஸ்பிரிங் துப்பாக்கி ரவை பன்றியைக் கொல்லாது, காயப்படுத்தும். காயம்பட்ட பன்றி மறுநாள் காலையில் களை எடுக்க வரும் பெண்கள் மேல் பாயும். அவர் படும் நஷ்டம் எனக்குத் தெரியாததில்லை. விதை, உழவு, ஆள்கூலி என்று போட்ட பணம் பத்தே நாளில் மண்ணோடு போவதைப் பார்த்துக்கொண்டிருக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும் முளை வரும்வரை அக்கம்பக்கத்துக் கொல்லைக்காரர்கள் முறைபோட்டுக் காவல் இருப்பதும், பன்றிச் சேதத்தைப் போட்டோ எடுத்து வி.ஏ.ஓ.விடம் காட்டி, செஞ்சி வனச்சரக அலுவலகத்தில் நஷ்டஈட்டுக்கு மனுக் கொடுப்பதும்தான் வழி. அவர் கொஞ்சம் வருத்தத்தோடுதான் போனை வைத்தார்.

பேத்திக்கு 177 என்பதில் சந்தேகமே இல்லை. ஒலிம்பிக்கில் 1984 முதல் இருக்கும் 10 மீட்டர் ஏர் ரைபிள் போட்டிக்கு 4.5 மி.மீ. மட்டும்தான் அனுமதி. நடுப்புள்ளியின் அகலம் அரை மி.மீ., அதாவது ரவையைவிடச் சிறியது! 2008ல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வாங்கியது இதில்தான். நம் பக்கத்துக் கடலூரில் பிறந்து குஜராத்தில் வளர்ந்த இளவேனில் வாலறிவன் டோக்கியோவிலும் பாரிஸிலும் சுட்டதும் இதில்தான். அவர்கள் கையில் இருப்பது சிலிண்டரில் காற்றடைத்த துப்பாக்கி, விலை அதிகம். அதனால் முதலில் ஒரு ரைபிள் கிளப்பில் சேர்த்துப் பார்க்கச் சொன்னேன். ஆசை நிலைத்தால் பிறகு வாங்கலாம். வீட்டில் பழக ஸ்பிரிங் போதும். ஸ்பிரிங் பின்னாலும் முன்னாலும் இரண்டு முறை உதைக்கும். இறுக்கிப் பிடித்தால் குறி கெடும். மெதுவாகத் தாங்கிப் பிடிக்கப் பழக வேண்டும். பொறுமையைக் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

ஏற்கெனவே வீட்டில் வைத்திருப்பவர்களுக்குச் சில வார்த்தைகள்:

1. உரிமம் வேண்டாம் என்பதால் அது பொம்மை ஆகிவிடாது. தோலைத் துளைக்கும், கண்ணைப் பறிக்கும்.
2. இலக்கின் பின்னால் மண்மேடோ மணல் மூட்டையோ இருக்க வேண்டும். கல்லிலும் தகரத்திலும் ரவை திரும்பித் தெறிக்கும்.
3. ரவை போடாமல் விசையை இழுக்காதீர்கள். பிஸ்டன் மோதி உள்ளே கெட்டுவிடும்.
4. ரவை ஈயம். தொட்டபின் சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுச் சாப்பிட உட்காருங்கள்.
5. லீவுக்குப் பேரப்பிள்ளைகள் வரும் வீடுகளில் துப்பாக்கி ஒரு பீரோவிலும் ரவை இன்னொரு பீரோவிலும் பூட்டியிருக்கட்டும்.

சந்தேகம் இருப்பவர்கள் போன் செய்யுங்கள். மாலை ஆறு மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். எல்லோரும் நலமாக இருங்கள்.