ரிங் ராவுகிறவர்

2024 ஆகஸ்ட் கடைசியில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றி மூன்றரை கிலோமீட்டர் பாதையில் இரவு கார் பந்தயம் நடந்தது. சாலையை மூடியதைப் பற்றியும் ஓட்டியவர்களைப் பற்றியும் பக்கம் பக்கமாகச் செய்தி. எஞ்சினைக் கட்டுபவர்களைப் பற்றி யாராவது எழுதுவார்களா என்று கோவை நண்பரிடம் குறைப்பட்டுக்கொண்டேன். "அந்தக் காருக எல்லாம் சீல் வெச்ச எஞ்சின். அதைத் தொறக்கவே கூடாதுங்க. கையால கட்டறதைப் பாக்கோணும்னா கணபதிக்கு வாங்க" என்றார்.

கோவையின் கணபதிப் பகுதி லேத் பட்டறைகளுக்கும் கார் பந்தயத்துக்கும் உறவு பழையது. மில்களுக்கு உதிரிபாகமும் வயல்களுக்கு பம்ப்செட்டும் செய்து பழகிய ஊர் கோவை. 1980களின் இறுதியில் கோவைக்காரரான கரிவர்தன், மாருதி 800 எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி கார்களைக் கட்டி, நடுத்தர வீட்டுப் பையன்களும் பந்தயம் ஓட்ட வழி செய்தார். 1995இல் விமான விபத்தில் அவர் இறந்தார். செட்டிபாளையத்தில் உள்ள பந்தயத் தடம் இன்று அவர் பெயரில்தான் இருக்கிறது.

நண்பர் அறிமுகப்படுத்திய மிஸ்திரிக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். பதின்மூன்று வயதில் பம்ப்செட் பட்டறையில் எடுபிடியாகச் சேர்ந்தவர். பிறகு ஒரு பந்தயக் குழுவோடு சோழவரம் போயிருக்கிறார். அங்கிருந்த இரண்டாம் உலகப்போர்க் காலத்து விமான ஓடுதளத்தில் அப்போது பந்தயம் நடந்தது. "ராத்திரி பூரா ஹெட்டைக் கழட்டி மாட்டுவோம். காத்தால ரேசு. மத்தியானம் மறுபடியும் கழட்டுவோம்" என்று சிரித்தார். காஸ்டிங் பிஸ்டன்கள் ரிங் பள்ளத்துக்குக் கீழே பிளந்து வருவதை அங்கேதான் முதலில் பார்த்தாராம்.

நான் போன அன்று மேஜையில் ஒரு 1.3 லிட்டர் மாருதி எஞ்சின் இருந்தது. டிராக் பந்தயத்துக்காக டர்போ வைக்கப் போகிறார்கள். பக்கத்தில் அமெரிக்காவிலிருந்து வந்த நான்கு ஃபோர்ஜ்டு பிஸ்டன்கள். ஒன்றைக் கையில் எடுத்தேன். உள்ளங்கையில் அடங்கிவிட்டது. எஞ்சின் நிமிடத்துக்கு எட்டாயிரம் சுற்று சுற்றும்போது, மேலே போய்த் திரும்பும் நொடியில் பிஸ்டன் மேல் அதன் எடையைப்போல் மூவாயிரம் மடங்குக்கும் அதிகமான விசை விழுகிறது. கால் கிலோ பிஸ்டன் என்றால் முக்கால் டன்னுக்கு மேல். இது போதாதென்று மேலே எரிகிற வாயுவின் அழுத்தம் வேறு.

காஸ்டிங் பிஸ்டனில் உருகிய அலுமினியத்தை அச்சில் ஊற்றுகிறார்கள். உள்ளே நுண்துளைகள் தங்கிவிடலாம். ஃபோர்ஜ்டு பிஸ்டனுக்கு அலுமினியக் கட்டியைச் சூடாக்கி அச்சில் வைத்து அழுத்துகிறார்கள். உலோகத்தின் இழைகள் பிஸ்டனின் வடிவத்தோடு வளைந்து ஓடும், துளைகளும் நெருங்கி மூடிவிடும். அதிகம் புழங்குபவை இரண்டு கலவைகள். 4032இல் சுமார் 12 சதவீதம் சிலிக்கான். சூட்டில் குறைவாக விரியும். 2618இல் சிலிக்கான் இல்லாத மாதிரிதான். கூடுதலாக விரியும், ஆனால் அடிபட்டால் உடனே நொறுங்காது. டர்போ எஞ்சினுக்கு இதைத்தான் விரும்புகிறார்கள்.

"ஃபோர்ஜ்டு போட்டா வண்டி பறக்கும்னு நெனைச்சுட்டு வர்றாங்க. அது ஒரு குதிரைசக்தி கூட சேத்தித் தராதுங்க. நாம குடுக்கற சக்தியைத் தாங்கும், அவ்வளவுதான்."

தாங்க வேண்டுமானால் இடைவெளி சரியாக இருக்க வேண்டும். வார்ப்பிரும்பைப்போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு விரிகிறது அலுமினியம். குளிர்ந்த நிலையில் சிலிண்டருக்கும் 2618 பிஸ்டனுக்கும் நடுவே கம்பெனி பிஸ்டனுக்கு விடுவதைவிட அதிக இடம் விட்டாக வேண்டும். விடாவிட்டால் சூட்டில் ஜாம் ஆகிவிடும். விட்டால், காலையில் ஸ்டார்ட் செய்ததும் உலைமூடி ஆடுவதுபோல் கடகடவென்று சத்தம் வரும். சூடேறியதும் அடங்கிவிடும். பிஸ்டன் சரியான வட்டமும் இல்லை. பிஸ்டன் பின் (pin) துளை இருக்கும் பக்கம் கொஞ்சம் ஒடுங்கி, தலைப்பக்கம் இன்னும் ஒடுங்கி இருக்கும். தயாரிப்பாளர் தாளில் குறித்த உயரத்தில், பின்னுக்குச் செங்குத்தாக மட்டுமே மைக்ரோமீட்டரை வைக்க வேண்டும். வேறெங்கே வைத்து அளந்தாலும் அந்த எண் பொய்.

ஆனால் என்னை நெடுநேரம் உட்காரவைத்தது ரிங் ராவுகிற வேலைதான். பிஸ்டன் பள்ளத்தில் மாட்டும் இந்தப் பந்தய ரிங்குகள் முனை சற்று நீளமாகவே வருகின்றன. கைப்பிடி சுற்றும் சின்ன ராவும் சக்கரத்தில் ஒரு முனையை மட்டும் வைத்து, வெளிமுகத்திலிருந்து உள்நோக்கியே ராவுகிறார். மாற்றிச் செய்தால் பூச்சு பெயர்ந்துவிடும். இரண்டு சுற்று. ரிங்கை சிலிண்டரில் இறக்கி, பிஸ்டனைத் தலைகீழாக வைத்து மட்டமாகத் தள்ளி, ஃபீலர் தகட்டை இடைவெளியில் நுழைக்கிறார். மறுபடி அரைச் சுற்று. சாதாரண எஞ்சினாக இருந்தால் இந்த 74 மில்லிமீட்டர் சிலிண்டருக்கு 0.30 மில்லிமீட்டர் போதும். டர்போவுக்கு 0.40ஐத் தாண்டி விடுகிறார். இடைவெளி குறைந்தால் சூட்டில் ரிங்கின் இரு முனைகளும் முட்டிக்கொண்டு, ஃபோர்ஜ்டு பிஸ்டனாகவே இருந்தாலும் பள்ளத்தோடு பெயர்த்துவிடும். முடிந்த ரிங்கின் பிசிறை எண்ணெய்க்கல்லில் ஒற்றி எடுத்து, சிலிண்டர் எண் எழுதிய கவரில் போடுகிறார். முதல் சிலிண்டரின் ரிங் மூன்றாவதற்குப் போகக் கூடாது.

இந்த வேலைக்கு என்ன கூலி என்று கேட்டேன். சிலிண்டரைக் கடையும் போரிங் வேலைக்கு, சிலிண்டர் கணக்கில் கூலி. ராவுவதும் அளப்பதும் அதிலேயே அடக்கம். பிஸ்டன் பெட்டியை இறக்குமதி செய்தவர், அதைக் கைமாற்றிய ஏஜென்ட், காரை எடுத்துக்கொண்ட ட்யூனிங் கடைக்காரர் என்று ஒவ்வொருவரும் விலையில் தங்கள் பங்கை ஏற்றிய பிறகுதான் எஞ்சின் இவரிடம் வருகிறது. பேரம் தொடங்குவதும் இங்கேதான். எஞ்சின் ஜெயித்தால் கடையின் பெயர் வரும். உடைந்தால் "மிஸ்திரி டைட்டா விட்டுட்டார்" என்பார்கள். இறக்குமதியைப் பற்றியும் கேட்டேன்: சென்னை செம்பியத்தில் 1949 முதல் பிஸ்டன் செய்கிறோம், கோவையில் ஃபோர்ஜிங் பட்டறைகள் இருக்கின்றன, பிறகு இந்த நான்கு துண்டுகள் ஏன் கடல் தாண்டி வர வேண்டும்? ஒரு அச்சு வெட்டும் செலவுக்கு ஆயிரக்கணக்கில் விற்க வேண்டும், பந்தயக்காரர்கள் கேட்பதோ நாலும் எட்டும் என்பது மிஸ்திரியின் பதில். நியாயம்தான். ஆனால் ஏஜென்ட்டுக்குக் கொடுக்கக் கணக்குப் பார்க்காதவர்கள், அளப்பவருக்குக் கொடுக்க மட்டும் கணக்குப் பார்ப்பது எந்த நியாயம்?

நான் கிளம்பும் நேரத்தில் ஒரு பையன் பைக்கோடு வந்து ஃபோர்ஜ்டு போட வேண்டும் என்றான். தினம் ஆபீஸ் போகிற வண்டி. "வேண்டாந் தம்பி. கம்பெனி பிஸ்டனே போதும். இது போட்டா காத்தால சத்தம் வரும், எண்ணெயும் குடிக்கும்" என்று அனுப்பிவிட்டார். வந்த வேலையை அவரே திருப்பிவிட்டார்.

எஞ்சினோடு ஒரு அளவுத்தாள் போகிறது. நான்கு சிலிண்டர், எட்டு ரிங் இடைவெளி, எல்லாம் அவர் கையெழுத்தில். கீழே கடையின் முத்திரை மட்டும். அங்கே அவர் பெயரும் இருக்க வேண்டும். கூலியை சிலிண்டர் கணக்கில் பேசாமல் மணிக்கணக்கில் பேச வேண்டும். இவ்வளவு செலவழித்து வாங்கும் பிஸ்டன் உடையாமல் இருப்பது அந்த மணிநேரங்களால்தான்.