ஒன்பது விவசாயப் பள்ளிப் பையன்கள்

2018 ஆகஸ்டில் நானும் மனைவியும் மகள் வீட்டில் தங்க டோக்கியோ போயிருந்தோம். வெயில் என்றால் நம் ஊர் கத்தரி வெயிலுக்குச் சளைத்ததில்லை. பகலில் வெளியே தலைகாட்ட முடியாது. டி.வி.யைப் போட்டால் காலையிலிருந்து சாயங்காலம் வரை பள்ளிப் பையன்கள் பேஸ்பால் ஆடிக்கொண்டிருந்தார்கள். கிரிக்கெட் பார்த்தே பழகிய எனக்கு முதல் இரண்டு நாள் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. மாப்பிள்ளைதான் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுத்தார்.

கோஷியென் என்பது மைதானத்தின் பெயர். 1924இல் திறந்தது, ஒசாகாவுக்கும் கோபேவுக்கும் நடுவில் இருக்கிறது. உயர்நிலைப் பள்ளிகளின் கோடைப் போட்டி அங்கேதான் நடக்கும். அந்த ஆண்டு நூறாவது போட்டி. 3781 பள்ளிகள் தத்தம் மாகாணத்தில் மோதி, 56 அணிகள் அங்கே வந்து சேர்ந்தன. லீக், புள்ளிக் கணக்கு ஒன்றும் கிடையாது. ஒரு ஆட்டம் தோற்றால் மூட்டை கட்ட வேண்டியதுதான். ஜெயித்த அணி வரிசையாக நின்று தன் பள்ளிப் பாட்டைப் பாடும். தோற்ற பிள்ளைகள் அழுதுகொண்டே மைதானத்து மண்ணைப் பையில் அள்ளிக்கொண்டு ஊர் திரும்புவார்கள்.

"மாமா, இன்னிக்கு ஒரு அணி ஆடுது. உங்க இலாகா!" என்றார் மாப்பிள்ளை ஒருநாள்.

வடக்கே பனி கொட்டும் அகிடா மாகாணத்தின் கனாஷி விவசாய உயர்நிலைப் பள்ளி. அரசுப் பள்ளி. அகிடா நல்ல நெல் விளையும் பூமி. பையன்கள் எல்லாரும் அந்த மாகாணத்துப் பிள்ளைகள். பெரிய தனியார் பள்ளிகள் நாடு முழுவதும் தேடித் திறமைசாலிகளைச் சேர்ப்பது அங்கே வழக்கம். இவர்களோ வயல், மாட்டுக்கொட்டில், பாடம், பிறகு பேஸ்பால் என்று வளர்ந்தவர்கள். குளிர்காலத்தில் ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு பனியில் ஓடித்தான் உடம்பைத் தேற்றுவார்களாம்.

வேளாண்மைத் துறையில் 34 வருடம் குப்பை கொட்டியவன் நான். "மார்க் வரலையா, அக்ரி படி" என்ற பேச்சைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவன். நாற்காலியை டி.வி.க்கு அருகில் இழுத்துப் போட்டுக்கொண்டேன்.

முதல் ஆட்டம் ககோஷிமா பள்ளியோடு, 5-1. இரண்டாவது 6-3. மூன்றாவது ஆட்டத்தில் எதிரே யோகோஹாமா, பெயர் பெற்ற பள்ளி. எட்டாவது இன்னிங்ஸில் 2-4 என்று பின்தங்கியிருந்தார்கள். இரண்டு பேர் தளங்களில் நிற்க, பள்ளி ஆட்டங்களில் அதுவரை ஹோம் ரன்னே அடித்திராத ஒரு பையன் பந்தை வேலிக்கு அப்பால் தூக்கினான். 5-4.

மறுநாள் காலிறுதி, ஓமி பள்ளியோடு. இதைத்தான் என்னால் மறக்க முடியாது. கடைசி இன்னிங்ஸ், 1-2. மூன்று தளத்திலும் ஆள். ஒன்பதாவது ஆட்டக்காரன் வருகிறான். அவன் ஓங்கி அடிக்கவில்லை. மட்டையைப் பந்துக்குக் கொடுத்து மெல்ல உருட்டிவிட்டான். மூன்றாம் தளத்தில் நின்றவன் வீடு வந்தான், 2-2. எதிரணி பந்தை எடுத்து முதல் தளத்துக்கு எறிந்த அந்தக் கணத்தில், இரண்டாம் தளத்தில் இருந்தவனும் நிற்காமல் ஓடி வந்து தலைகுப்புறப் பாய்ந்துவிட்டான். 3-2, ஆட்டம் முடிந்தது. ஓமியின் கேட்சர் தரையில் கவிழ்ந்து கிடந்தான். நான் கைதட்டிய சத்தத்தில் பேரன் தூக்கம் கலைந்து அழுதான்.

அரையிறுதியும் 2-1. விவசாயப் பள்ளி ஒன்று இறுதிக்கு வருவது 1931க்குப் பிறகு அதுவே முதல் தடவை. அன்று வந்தது ஜப்பானிய ஆட்சியில் இருந்த தைவானின் கியாயி விவசாயப் பள்ளி. அகிடா அணி ஒன்று இறுதியில் ஆடியது 1915இல், முதல் போட்டியிலேயே. நடுவே 103 வருடம். பயணச் செலவுக்குப் பழைய மாணவர்கள் உண்டியல் குலுக்கிப் பணம் சேர்த்தார்கள்.

அரையிறுதி வரை அதே ஒன்பது பேர்தான் ஆடினார்கள், மாற்று ஆளே இல்லை. எல்லாப் பந்தையும் எறிந்தவன் யோஷிடா கோசெய் என்ற ஒரே பையன். 17ஆம் தேதி 164 பந்து, 18ஆம் தேதி 140, ஒருநாள் ஓய்வு, 20ஆம் தேதி 134. மறுநாளே இறுதி.

என் மனைவிக்கு ஆட்டம் புரியாது. ஆனால் அவள் கேட்ட கேள்விக்கு அந்த வீட்டில் யாரிடமும் பதில் இல்லை. "உழவு மாட்டையே மத்தியானம் அவிழ்த்து விட்டுடுவாங்களே. இந்தப் பிள்ளையை யாரும் அவிழ்க்க மாட்டாங்களா?"

இறுதியில் ஒசாகா டோயின் அணி அவன் பந்தைப் பிரித்து மேய்ந்துவிட்டது. ஐந்து இன்னிங்ஸில் 12 ரன். அப்புறம்தான் வேறொருவன் எறிய வந்தான். முடிவு 13-2. கோஷியெனில் மட்டும் யோஷிடா எறிந்தது 881 பந்து. அதற்கு முன் அகிடா மாகாணப் போட்டியில் 636.

ஜப்பானே அந்தப் பிள்ளைகளைக் கொண்டாடியது. எனக்கும் நெஞ்சு நிறைந்துதான் இருந்தது. ஆனாலும் மனைவி சொன்னது உறுத்திக்கொண்டே இருந்தது. ஒரு பிள்ளை "முடியாது" என்று சொல்லாமல் இருப்பது அவனுடைய பெருமை. அதைப் பார்த்துக்கொண்டு பெரியவர்கள் சும்மா இருப்பது பெருமையாகாது. இருக்கிற நிலம் கொடுக்கிறதே என்று தரிசு விடாமல் போகத்துக்கு மேல் போகம் போட்டு உறிஞ்சுகிறவனை எத்தனை கிராமத்தில் பார்த்திருக்கிறேன்! நிலம் வாய் திறந்து சொல்லாது. நாம்தான் பார்த்து ஓய்வு கொடுக்க வேண்டும்.

நல்ல வேளை, அந்தக் கேள்வி அங்கேயும் எழுந்தது. 2020 முதல் ஒரு பிட்சர் ஒரு வாரத்தில் 500 பந்துக்கு மேல் எறியக் கூடாது என்று விதி வந்துவிட்டது. யோஷிடா அந்த ஆண்டே நிப்பான் ஹாம் தொழில்முறை அணியின் முதல் தேர்வானார். வடகிழக்கு ஜப்பானுக்குக் கிடைக்காமலே இருந்த கோடைக் கோப்பையை 2022இல் செண்டாய் இகுவெய் பள்ளி கொண்டுபோனது.

2024இல் கனாஷி மறுபடி கோஷியென் வந்தது. முதல் ஆட்டத்திலேயே தோற்றது. பந்து எறிந்தவன் யார் தெரியுமா? யோஷிடாவின் சொந்தத் தம்பி. மாப்பிள்ளை போனில் அந்தச் செய்தியைச் சொன்னதும், மனைவி முதலில் கேட்டது, "எத்தனை பந்து எறிஞ்சான்?"