காத்துல வருதா, கண்ணாடியில வருதா?

உங்கள் வீட்டு வாசலிலும் அந்த நோட்டீஸ்கள் விழுந்திருக்கும். ஒன்றில் 'ஃபைபர்'. இன்னொன்றில் 'ஏர்ஃபைபர்'. இரண்டிலும் அதே 100 எம்பிபிஎஸ், ஏறக்குறைய அதே மாத வாடகை. 'எதைப் போடலாம் சார்?' என்று என்னைக் கேட்காத நண்பர் இல்லை. பத்திரிகைக்காரனுக்கு எல்லாம் தெரியும் என்று ஊரில் ஒரு நம்பிக்கை!

நான் படித்தது பி.காம். ஆகவே இதையும் ஒரு கணக்காகத்தான் பார்க்கத் தெரியும். நீங்களும் கூட உட்காருங்கள், சேர்ந்தே பார்த்துவிடலாம்.

ஃபைபர் என்பது கண்ணாடி இழை. தலைமுடியைவிடக் கொஞ்சம் தடிமன், அவ்வளவுதான். அதற்குள் ஓடுவது வெளிச்சம். கண்ணாடியைப் போதுமான அளவு சுத்தமாக்கினால் அதில் சேதியை வெகுதூரம் அனுப்பலாம் என்று 1966-ல் சொன்னவர் சார்லஸ் காவ். 2009-ல் நோபல் பரிசு கொடுத்தார்கள். 43 வருஷம் கழித்து!

ஏர்ஃபைபரில் கண்ணாடி உங்கள் வீடு வரை வராது. பெரும்பாலும் டவரோடு நின்றுவிடும். அங்கிருந்து உங்கள் மொட்டை மாடிப் பெட்டிக்கு 5ஜி ரேடியோ அலைதான். நம் ஊரில் பெரிய கம்பெனிகள் இதைக் கொண்டுவந்தது 2023-ல்.

சரி, வித்தியாசம் எங்கே? வேகத்தில் இல்லை. பங்கு பிரிப்பதில் இருக்கிறது.

ஃபைபரும் உங்களுக்கே உங்களுக்கு அல்ல. வழக்கமாக ஒரு இழையை 32 அல்லது 64 வீடுகளுக்குப் பிரிப்பார்கள். அந்த இழையின் கொள்ளளவு, பரவலாக இருக்கும் முறையில், நொடிக்குச் சுமார் 2,500 மெகாபிட். 64 வீட்டுக்கும் ஆளுக்கு 100 என்றால் 6,400 வேண்டுமே? வேண்டாம். பேங்க் நடத்துவது மாதிரிதான் இதுவும். டெபாசிட் போட்ட எல்லோரும் ஒரே நாளில் பணம் கேட்டு வரமாட்டார்கள் என்கிற தைரியம். ஆனால், எத்தனை பேர் என்பது கம்பெனிக்குத் தெரியும். 64 என்றால் 64.

டவர் அப்படியில்லை. உங்கள் வீட்டுப் பெட்டியும், எதிர் டீக்கடையில் ரீல்ஸ் பார்ப்பவரும், மழைக்கு ஒதுங்கி நிற்கிறவரும் அதே டவரைத்தான் பங்கு போட்டுக்கொள்கிறார்கள். ராத்திரி ஒன்பது மணிக்குத் தெருவே வீடு திரும்பி போனைக் கையில் எடுக்கும்போது, உங்கள் பங்கு என்ன ஆகும்?

இது வெறும் தியரி இல்லை. எனக்குத் தெரிந்த ஒரு பாட்டு டீச்சர் நங்கநல்லூரில் இருக்கிறார். கணவர் இல்லை. இன்டர்நெட் வழியே வெளிநாட்டுக் குழந்தைகளுக்குச் சொல்லிக்கொடுப்பதுதான் வருமானம். வாடகை வீடு. 'சுவத்துல ஓட்டை போடக் கூடாது' என்று ஹவுஸ் ஓனர் கண்டிப்பு. அதனால் காத்துல வருகிற கனெக்‌ஷனையே போட்டிருந்தார். காலை ஆறரைக்கு டல்லாஸ் குழந்தைகள். ஒரு குறையும் இல்லை. இரவு ஒன்பதரைக்கு லண்டனில் ஒன்பது வயதுப் பெண். அங்கேதான் சிக்கல்.

'குழந்தைக்கு ஞானம் இருக்கு. ஆனா தாளம் நிக்கவே மாட்டேங்கறது. அவா அம்மாகிட்ட சொல்லி நிறுத்திடலாமான்னு பார்க்கறேன்' என்றார் ஒருநாள்.

'மாமி, ஒண்ணு பண்ணுங்க. அந்தப் பொண்ணை அங்கேயே போன்ல ரெக்கார்ட் பண்ணி அனுப்பச் சொல்லுங்க' என்றேன்.

வந்தது. கேட்டோம். ஆதி தாளம், பிசிறே இல்லை. மாமி ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு, 'நாலு மாசமா அதைத் திட்டிண்டிருக்கேன்' என்றார்.

நடந்தது இதுதான். நம்ம ஊர் டவுன் பஸ்ஸை நினைத்துக்கொள்ளுங்கள். அரைமணி நேரம் ஒன்றும் வராது. அப்புறம் மூன்று சேர்ந்து வரும். நெரிசலான டவரில் குரலின் துண்டுகளும் அப்படித்தான் வந்து சேரும். எல்லாமே ஒரே அளவு தாமதமாக வந்தால் பாதகமில்லை, தாளம் கெடாது. இடைவெளி மாறி மாறி வந்தால்தான் வினை. 100 எம்பிபிஎஸ் என்கிற நோட்டீஸில் இந்தச் சமாசாரம் இருக்கவே இருக்காது.

ஓனரிடம் நானே போய்ப் பேசினேன். பழைய கேபிள் டி.வி. ஓட்டை வழியாகவே இழையைக் கொண்டுவரலாம், புது ஓட்டை வேண்டாம் என்றதும் மனுஷர் இறங்கிவந்தார். இப்போது லண்டன் பெண்ணுக்கு வர்ணம் நடக்கிறது.

அப்படியும் இருவரும் சேர்ந்து பாட முடியாது. கண்ணாடிக்குள் வெளிச்சம் நொடிக்குச் சுமார் 2 லட்சம் கிலோமீட்டர் ஓடும். சென்னையிலிருந்து லண்டன் நேர்க்கோட்டிலேயே 8,000 கிலோமீட்டருக்கு மேல். போய்த் திரும்ப 80 மில்லிசெகண்டாவது ஆகும். கடலடியில் சுற்றிக்கொண்டு போகும் கேபிளில் இன்னும் அதிகம். மாமி பாட, குழந்தை திருப்பிப் பாட வேண்டியதுதான். குருகுலத்திலும் அதுதானே வழக்கம்!

'அப்போ ஃபைபர்தான் உசத்தி' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். போன மழைக்காலத்தில் தெருவில் பள்ளம் தோண்டியவர்கள் மாமியின் இழையையும் சேர்த்து வெட்டிவிட்டார்கள். மூன்று நாள் சுத்தமாக இல்லை. செல்போன் ஹாட்ஸ்பாட்தான் மானத்தைக் காப்பாற்றியது. கம்பி அறுந்தால் செத்தே போகும். காத்து, இருமிக்கொண்டாவது நடமாடும். ஆனால் அதையும் முழுசாக நம்ப முடியாது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையில் பல இடங்களில் செல்போனும் சேர்ந்தே படுத்துவிட்டது, ஞாபகம் இருக்கிறதா?

ஆகவே என் ஐந்தொகை இப்படி:

சினிமா, சீரியல், பில் கட்டுவது, வாட்ஸ்அப் - இவ்வளவுதான் என்றால் எதுவும் போதும். ஒரு எச்.டி. படத்துக்கு 5 எம்பிபிஎஸ்ஸே தாராளம். அதுவும் மேல்தொட்டியில் தண்ணீர் ஏற்றுகிற மாதிரி முன்கூட்டியே நிரப்பிக்கொள்ளும். நடுவில் கொஞ்சம் தடுமாறினாலும் உங்களுக்குத் தெரியாது. அடிக்கடி வீடு மாற்றுகிறவருக்கும், கம்பி வராத தெருக்காரருக்கும் காத்தே நல்லது.

ஆனால் வீட்டில் யாராவது நேரலையில் சம்பாதிக்கிறார்களா, படிக்கிறார்களா, இன்டர்வியூ கொடுக்கிறார்களா? கம்பியைப் போடுங்கள். கூடவே போனில் கொஞ்சம் டேட்டா மிச்சம் வைத்துக்கொள்ளுங்கள். இன்ஷூரன்ஸ் பிரீமியம் என்று நினைத்துக்கொள்ளலாம்.

கையெழுத்துப் போடும் முன்னால் மூன்று கேள்வி. எத்தனை மாதம் அட்வான்ஸ்? மாதம் எத்தனை ஜிபி தாண்டினால் வேகம் குறையும்? 18 சதவிகித ஜிஎஸ்டி விலையில் சேர்ந்ததா, சேராததா?

நான்காவது கேள்வியை விற்பனைப் பையனிடம் கேட்காதீர்கள். அவன் பகல் பதினோரு மணிக்கு வருவான். அப்போது எல்லாமே ராக்கெட் வேகத்தில்தான் ஓடும். அதே கனெக்‌ஷன் வைத்திருக்கிற பக்கத்து வீட்டுக்காரரிடம், ராத்திரி ஒன்பதரைக்குப் போய்க் கேளுங்கள். அவர் வீட்டு டி.வி.யில் வட்டம் சுற்றிக்கொண்டிருந்தால் பதில் சொல்லவே வேண்டியிருக்காது.