இரவலும் சாட்சியும்

தனி மனிதர் தேடிச் சேர்த்த கலைச்செல்வம் பொது மக்கள் கண்ணுக்கு எட்டாது பூட்டிக் கிடத்தல் சமூகத்துக்குப் பெருங்குறை என்பது நமது துணிபு.

பினாங்கு லிட்டில் இந்தியாவில், குவீன் தெருவில் 1833-இல் எழுந்த மகாமாரியம்மன் கோயிலை அறியாதார் இலர். அதைச் சூழ்ந்த வீடுகளின் பெட்டிகளில் உறங்கும் புகைப்படங்களையும், பழம் பேரேடுகளையும், கப்பலேறி வந்த பாட்டனாரின் கடிதங்களையும் அறிந்தார் எத்தனை பேர்? தோட்டத்து வீடுகளில் கிடக்கும் பழைய தப்பும், பால் வெட்டிய கத்தியும் அத்தகையனவே. இவற்றைப் பொதுக் காட்சிசாலைக்கு இரவலாகவேனும் அளிக்குமாறு நண்பர்களை நாம் வேண்டுவதுண்டு. “கொடுத்தால் திரும்பி வருமா?” என்பார்கள். அந்த ஐயத்தை நாம் எள்ளி நகையாடோம். அதற்கு மேனாட்டில் ஒரு சரித்திரமே உண்டு.

அயர்லாந்தில் பிறந்த ஹியூ லேன், லண்டனில் ஓவிய வாணிகம் செய்து பொருளீட்டியவர். மானே, மோனே, ரெனுவார் முதலிய பிரெஞ்சு நவீன ஓவியர்களின் சித்திரங்களை விரும்பி வாங்கினார். 1908-இல் டப்ளின் நகரில் பொது ஓவியக்கூடம் ஒன்று அமைத்தார். அதற்கு நிலையான கட்டடம் எழுப்புவதில் நகராட்சியோடு பிணக்கு நேரவே, 1913-இல் 39 ஓவியங்களை லண்டன் தேசிய ஓவியக்கூடத்துக்கு இரவலாக அனுப்பினார். உயிலையும் லண்டனுக்கே எழுதினார். லண்டனாரோ அனைத்தையும் காட்சிக்கு வைக்க இசைந்திலர். மனம் மாறிய லேன், அவை டப்ளினுக்கே உரியன என்று 1915 பிப்ரவரியில் உயிலுக்கு ஓர் இணைப்பு எழுதிக் கையொப்பமிட்டார். சாட்சிக் கையொப்பம் மட்டும் வாங்கவில்லை. அவ்வாண்டு மே 7-ஆம் நாள் ஜெர்மானிய நீர்மூழ்கியால் தாக்குண்ட லூசிட்டேனியா கப்பலோடு அவரும் மாண்டார்.

சாட்சியில்லா எழுத்தை ஆங்கிலச் சட்டம் ஏற்கவில்லை. லேனின் சிறிய தாயார் கிரெகரி அம்மையார் 1932-இல் தாம் இறக்கும்வரை டப்ளினுக்காக வாதாடினார். இரு நகரங்களும் முறைவைத்துக் காட்டுவதென உடன்பாடு கண்டது 1959-இல்தான். இரண்டு சாட்சிகள் இல்லாக் குறைக்கு ஈடாக நாற்பத்து நான்கு ஆண்டுகள் கழிந்தன!

இதனால், கொடுப்பதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. லேன் வாங்கிய ஓவியங்களை இன்று இரு நாட்டாரும் கண்டு மகிழ்கின்றனர். அவர் அவற்றைத் தம் வீட்டில் பூட்டி வைத்திருந்தால் இப்பயன் விளைந்திராது. ஆகவே அன்பர்களே, தாராளமாகக் கொடுங்கள். கொடுக்கும் பொருள் யாது, எத்தனை காலத்துக்கு, நமக்குப் பின் யாருக்கு உரியது என்பதைத் தெளிவாக எழுதி, இருவர் சாட்சியோடு கொடுங்கள். கரையானோ எந்த எழுத்தும் கேளாமலே பெட்டிக்குள் புகுந்துவிடும்.