நூல் காட்டாத தூரம்

உலக உருண்டையில் ஹெல்சிங்கியின் மேல் ஒரு நூலின் நுனியை விரலால் அழுத்திக்கொண்டு, மறுநுனியை டோக்கியோ வரை தொய்வில்லாமல் இழுத்துப் பாருங்கள். தட்டையான வரைபடத்தைப் பார்த்து நாம் நினைப்பதுபோல் அது கிழக்கு நோக்கி நேராகப் போகாது. வடக்கே வளைந்து, சைபீரியாவைக் கடந்து ஜப்பானில் இறங்கும். அதன் நீளம் ஏறத்தாழ 7,800 கிலோமீட்டர். இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று கேட்டால் இந்த நூலின் நீளத்தைத்தான் சொல்கிறோம். பயணிக்கு அது பாதி விடைதான். நடுவில் இருக்கும் நாடுகள் வழிவிடுகின்றனவா என்பதையும் சேர்த்தால்தான் தூரக் கணக்கு முடியும்.

1944-ல் சிகாகோவில் உருவான உடன்படிக்கை, ஒரு நாட்டின் நிலத்துக்கு மேலுள்ள வான்வெளி முழுதும் அந்த நாட்டுக்கே உரியது என்று ஏற்றுக்கொண்டது. ஆகவே வானத்துக்கும் வாசல் உண்டு, பூட்டும் உண்டு. 1983-ல் ஃபின்ஏர் நிறுவனம் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு இடைநிற்காத சேவையைத் தொடங்கியபோது, அதன் டிசி-10 விமானம் சோவியத் வான்வெளியைத் தொடாமல் வட துருவத்தைச் சுற்றிப் போனது. பயணம் ஏறத்தாழ 13 மணி நேரம். பின்னர் சைபீரிய வழி திறந்தது. நேரம் ஒன்பதரை மணியாகக் குறைந்தது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் போர் மூண்டதும் ஐரோப்பாவும் ரஷ்யாவும் ஒன்றுக்கொன்று வான்வெளியை மூடிக்கொண்டன. மார்ச் மாதம் அதே நிறுவனத்தின் விமானம் மீண்டும் வட துருவ வழியில் பறந்தது. மீண்டும் 13 மணி நேரம். 39 ஆண்டுகளில் விமானம் மாறியது, எஞ்சின் மாறியது. பயண நேரம் மட்டும் புறப்பட்ட இடத்துக்கே திரும்பிவிட்டது.

காற்றும்தானே நேரத்தை மாற்றுகிறது, அரசியலை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஜப்பானிய வானிலை அறிஞர் வாசபுரோ ஓய்ஷி 1920-களில் பலூன்களைப் பறக்கவிட்டு, உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காகப் பாயும் வலிய காற்றோட்டத்தை அளந்து, 1926-ல் எஸ்பெராண்டோ மொழியில் வெளியிட்டார். 2020 பிப்ரவரியில் அப்படியொரு காற்று தள்ளிவிட, நியூயார்க்கிலிருந்து கிளம்பிய ஒரு விமானம் 4 மணி 56 நிமிடத்தில் லண்டனை அடைந்தது. ஆனால் காற்று போகும்போது உதவினால் வரும்போது தடுக்கும். பருவத்துக்குப் பருவம் மாறும். மூடிய வான்வெளி போகும்போதும் வரும்போதும் மூடியேதான் இருக்கும்.

மூன்றரை மணி நேரம் ஒரு பெரிய விஷயமா என்றும் கேட்கலாம். இருக்கையில் உட்கார்ந்திருப்பவருக்கு அது இன்னொரு தூக்கமாகக் கழியலாம். விமானத்துக்கு அப்படியல்ல. கூடுதல் நேரத்துக்குக் கூடுதல் எரிபொருள் வேண்டும். அந்த எரிபொருளின் எடையைச் சுமக்கவே மேலும் எரிபொருள் வேண்டும். விமானிகளின் பணி நேரமும் நீளும். அந்தச் செலவு டிக்கெட்டில் ஏறும், புகை வானில் ஏறும். போரிடும் நாட்டுக்கு எதிராக வான்வெளியை மூடுவது தவறு என்று நான் சொல்லவில்லை. அதற்குத் தக்க காரணம் இருக்கலாம். அதன் விலையை மறைக்காமல் கணக்கில் எழுத வேண்டும் என்கிறேன். சீன விமானங்கள் இன்றும் சைபீரியாவின் மேல் பறந்து ஐரோப்பாவுக்குப் போகின்றன. அவற்றுக்குக் குறுகிய வழி கிடைக்கிறது, ஃபின்லாந்தின் விமானத்துக்குக் கிடைக்கவில்லை. டிக்கெட்டில் அச்சாகும் மணிக்கணக்கை அந்த நூலின் நீளத்தோடு ஒப்பிட்டுப் பார்த்தால், நடுவில் யார் யாரோடு பேச்சை நிறுத்தியிருக்கிறார்கள் என்பது தெரிந்துவிடும்.