சீட் உறைக் கடையில் ஒரு மார்புக் கவசம்

பெங்களூரு டவுன் ஹாலிலிருந்து மினர்வா சர்க்கிள் பக்கம் போகும் ஜே.சி. ரோட்டில் கார் சீட்டுக்கு உறை தைக்கும் கடைகள் நிறைய. அன்று நான் போய் நின்ற கடையில், மிஷின் ஊசிக்கடியில் பேஸ்பாலில் மட்டையாளருக்குப் பின்னால் இருந்து பந்து பிடிக்கும் கேட்சர் மாட்டிக்கொள்ளும் மார்புக் கவசம் நகர்ந்துகொண்டிருந்தது. தைத்தவர் தருமபுரிப் பக்கத்துக்காரர். பேஸ்பாலை டி.வி.யில்கூடப் பார்த்ததில்லையாம். கல்லூரிப் பையன்களுக்குப் பயிற்சி தரும் கோச் ஒருவர், கிழிந்த பழைய கவசத்தை மாதிரிக்குக் கொடுத்திருந்தார்.

"நல்லா கெட்டியா தச்சுடலாம்னு பார்த்தேன் சார். கோச்தான் வேணாம்னுட்டார். கெட்டியா இருந்தா பந்து எகிறி எங்கேயோ போயிடுமாம். நெஞ்சுல பட்டு முன்னாடியே விழணுமாம்."

விஷயம் அதுதான். கேட்சர் மேல் பட்ட பந்து தூரமாக ஓடினால், எதிரணி ரன்னர் அதற்குள் அடுத்த பேஸுக்குப் போய்விடுவார். கவசம் உடம்பையும் காக்க வேண்டும், பந்தின் வேகத்தையும் விழுங்க வேண்டும். அதனால் வெளியே ரெக்சின், நடுவில் அழுத்தமான ஈ.வி.ஏ. ஷீட், உடம்பை ஒட்டி மெத்தென்ற ஸ்பாஞ்சு என்று அடுக்கு. ஷீட் அடியைப் பரப்புகிறது, ஸ்பாஞ்சு அதை மெதுவாக்குகிறது. குனியும்போது மடங்கக் குறுக்கே தையல் ஓட்ட வேண்டும். தையல் ஓடிய இடத்தில் கவசம் மெலிந்துவிடும். ஆகவே மேலடுக்குத் தையலுக்கு நேர் கீழே உள்ளடுக்குத் தையல் வராதபடி ஓரங்குலம் தள்ளி வைக்கிறார். சீட் தைத்த அனுபவம்!

சுமார் 145 கிராம் எடையுள்ள பந்து மணிக்கு 144 கி.மீ. வேகத்தில் வந்தால், அதில் 116 ஜூல் ஆற்றல் இருக்கும். நெஞ்சில் ஒரு குறிப்பிட்ட கணத்தில் விழும் அடி இதயத் துடிப்பையே குலைத்துவிடக்கூடும். இதைக் கருதியே அமெரிக்காவில் மார்புக் கவசத்துக்குத் தனித் தரவிதி இருக்கிறது. ஜே.சி. ரோட்டுக் கவசம் கையால் மெல்ல எறிந்து பழகும் பயிற்சிக்கு மட்டும்தான். மேட்சுக்குத் தரச்சான்று பெற்றதை வாங்கியாக வேண்டும் என்பதில் கோச் கறாராக இருக்கிறார்.

கிடைத்ததைக் கொண்டு உடம்பைக் காத்துக்கொள்வது இந்த ஊருக்குப் பழக்கம்தான். இங்கே வளர்ந்த விக்கெட் கீப்பர் சையது கிர்மானி, சிறுவயதில் கையுறைக்குப் பதில் செங்கல்லால் பந்தைத் தடுத்ததாகச் சொல்லியிருக்கிறார். பேஸ்பாலும் கிரிக்கெட்டுக்குக் கடன்பட்டிருக்கிறது. 1907-ல் நியூயார்க் ஜயன்ட்ஸ் கேட்சர் ரோஜர் பிரெஸ்னஹன், கிரிக்கெட் பேடைப் பார்த்து அமைத்த கால் கவசத்தோடு மைதானத்தில் இறங்கினார். கூட்டம் கேலி செய்தது. பிறகு அது எல்லாக் கேட்சருக்கும் வழக்கமாயிற்று.

பக்கத்துச் சந்து வெல்டிங் கடையில் அதே கோச்சின் இன்னொரு ஆர்டர். ஏழடிக்கு ஏழடி இரும்புச் சட்டம். மேல்மூலை ஒன்று மட்டும் வெட்டுப்பட்டு 'எல்' வடிவில் நிற்கிறது. பந்து எறிபவர் கை அந்த இடைவெளியில் வந்து போகும், உடம்பு வலைக்குப் பின்னால் இருக்கும். பத்து மீட்டர் தூரத்திலிருந்து மட்டையில் பட்ட பந்து அதே 144 கி.மீ. வேகத்தில் திரும்பினால், விலகிக்கொள்ளக் கால் விநாடிதான் இருக்கிறது. வெல்டர் வலையை விறைப்பாகக் கட்டப் போனார். கோச் தளர்த்தச் சொன்னார். தளர்ந்த வலைதான் வேகத்தை வாங்கும். ஆனால் அது பின்னால் பிதுங்கும் அளவுக்கு எறிபவர் தள்ளி நிற்க வேண்டும். பைப் முழுக்க ஸ்பாஞ்சு சுற்ற வேண்டும், இல்லாவிட்டால் இரும்பில் பட்ட பந்து யார் மேல் பாயும் என்று சொல்ல முடியாது.

தையல்கடைக்குத் திரும்பியபோது, பெரியவர் ஒருவர் விரிசல் விட்ட கிரிக்கெட் ஹெல்மெட்டை நீட்டி, உள்ளே புது ஸ்பாஞ்சு ஒட்டித் தரச் சொன்னார். வீட்டுத் தையலைத் தலைக்கு நம்பிய காலமும் உண்டு. 1933-ல் இங்கிலாந்தின் பாட்சி ஹென்ட்ரன், மனைவி வடிவமைத்த, ரப்பர் வைத்த மூன்று விளிம்புத் தொப்பியோடு லார்ட்ஸில் ஆடினார். ஹெல்மெட்டுக்கான இன்றைய பிரிட்டிஷ் தரவிதியோ, முகக் கம்பிக்கும் விளிம்புக்கும் இடையே பந்து நுழைகிறதா என்பதுவரை சோதிக்கிறது. ஓட்டில் விரிசல் விழுந்தபின் ஸ்பாஞ்சை மாற்றிப் பயனில்லை.

"இதை மட்டும் கேக்காதீங்க ஐயா. புதுசு வாங்கிடுங்க," என்றார் தையல்காரர். ஹெல்மெட்டைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அடுத்து தைக்க வேண்டிய முழங்கால் உறைக்கு ரெக்சின் வெட்டப் போனார்.